நடக்காதவரை நடக்க வைப்பது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

மாதம் ஒருமுறை கடற்கரைச் சாலையில் நடைப் பேரணி நடத்துகிறோம். பனியன், தொப்பி எல்லாம் கொடுத்தும், ஏற்கெனவே நடப்பவர்கள்தான் வருகிறார்கள். என்ன செய்வது? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பல வருடமாக நடந்தே பழகாதவருக்குப் பேரணி என்றாலே கூச்சம். "நாலு பேர் முன்னால் மூச்சு வாங்குமே" என்று பயப்படுவார். துண்டுப் பிரசுரம் அவரை அசைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "வாங்க, பால் பூத் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடத் தெருவுக்கு இரண்டு பேரைத் தேடுங்கள். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம், அவருடைய வேகத்தில் போதும். ஒருநாள் வராவிட்டால் மறுநாளும் போய்க் கூப்பிடுங்கள். நாம் பெரும்பாலும் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

கடற்கரைச் சாலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகள் கிடையாது. புதிதாக நடப்பவருக்கு அது பெரிய தைரியம். பேரணிக்கு வந்த தலைகளை எண்ணாதீர்கள். மூன்று மாதம் கழித்தும் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

வயது 54, சர்க்கரை இருக்கிறது. நாள் முழுக்க வீட்டு வேலைதான். தனியாக நடக்க வேண்டுமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

வீட்டு வேலையும் கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் நிற்பது நடை ஆகாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அந்த வேகத்தில் வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிடக் கையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடக்கவே வேண்டாம். சர்க்கரையால் கால் மரத்திருந்தால், காயம் பட்டாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

தினமும் பத்தாயிரம் அடி எடுத்துவைத்து நடப்பது கட்டாயமா? (அரியாங்குப்பம்)

இல்லை. 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண் அது. 7,000 அடியிலேயே நல்ல பலன் கிடைக்கிறது. இப்போது 2,000 நடப்பவர் 3,000 நடக்கட்டும், சரியா?

அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை 8 கி.மீ. என்கிறார்கள். அப்பாவால் முடியுமா? (நெல்லிக்குப்பம்)

2023 நவம்பரில் தொடங்கிய திட்டம் அது. 8 கி.மீ. என்பது பாதையின் நீளம்தான். முடிந்த இடத்தில் திரும்பிவிடலாம். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நின்று, டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் தடவை நீங்களே கூடப் போங்கள். மறுநாள் அவரோடு யார் நடப்பது என்பதை அன்றைக்கே பேசி வையுங்கள்.