பெரிய பல்ப் போட்டும் கொப்பியில் நிழல்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், இருக்கிறோம். முன் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, நடுவில் ஒரே ஒரு ஹோல்டர். மகள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். வெளிச்சம் போதாதென்று 20 வாட்ஸ் எல்.இ.டி. பல்ப் போட்டோம். மாமியாருக்குக் கண் கூசுகிறது, மகளுக்கோ இன்னும் இருட்டாக இருக்கிறதாம். வயரிங் பாஸ் சீலிங் அடித்து ஆறு பேனல் லைட் போடச் சொல்கிறார். போடலாமா? தனி மீட்டர் எடுப்பது பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள்.

பதில்: வேண்டாம். முதலில் அந்த பாஸுக்குக் கொடுக்க வைத்திருக்கும் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

மகள் சொல்வதும் சரி, மாமியார் சொல்வதும் சரி. லயக் காம்பராவில் மேசை சுவரோரம்தான் கிடக்கும். பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் நடு பல்பின் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும். தலையின் நிழல் நேரே கொப்பியில் விழும். 20 வாட்ஸை 40 ஆக்கினாலும் நிழல் அங்கேயேதான் இருக்கும். மாமியாரின் கண்தான் இன்னும் கூசும்.

மேசைக்கென்று தனியாக ஒரு விளக்கு வையுங்கள். 5 அல்லது 7 வாட்ஸ் தாராளமாகப் போதும். பிள்ளை வலது கையால் எழுதினால் விளக்கு இடது பக்கம் இருக்கட்டும், புத்தகத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில். பல்ப் கண்ணுக்குத் தெரியாதபடி மூடி இருக்க வேண்டும். நடு ஹோல்டரில் 9 வாட்ஸ், எதிர்ச் சுவரில் இன்னொரு 9 வாட்ஸ். இரண்டும் சேர்ந்து 18. இப்போது எரிவதைவிடக் குறைவு. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும், மேசை விளக்கையும் சேர்த்தால்கூட மாதத்துக்கு நான்கு யூனிட் வராது.

கடையில் வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வாட்ஸ் என்பது பல்ப் இழுக்கும் கரண்ட், லூமன் என்பது அது தரும் வெளிச்சம். நல்ல 9 வாட்ஸ் எல்.இ.டி. சுமார் 800 லூமன் தரும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்ப் தந்த வெளிச்சம் அவ்வளவுதான். பெட்டியில் லூமன் போடாத பல்பை மலிவு என்பதற்காகத் தூக்கி வராதீர்கள். அப்புறம் நிறம். “வெள்ளைதான் வெளிச்சம், மஞ்சள் கரண்டைத் தின்னும்” என்பது கடைக்காரர் கதை. பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 2700 என்றால் மஞ்சள். பனி இறங்கும் ஊரில் உட்கார்ந்து பேச மஞ்சள்தான் இதம். படிக்கும் மேசைக்கு 4000 எடுங்கள்.

இனி அந்த ஆறு பேனல். லயத்துக் கூரைத் தகரத்தின் அடியில் காலையில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சீலிங் அடித்தால் அந்த ஈரம் பலகைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். பேனலுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டியும் வயர் மூட்டுகளும் கிடப்பது அங்கேதான். ஆறில் இரண்டு அணைந்ததும் பாஸைத் தேடுவீர்கள், போன் எடுக்கமாட்டார். கடையில் ஒரு பேனலுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் கிடைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒரு ஹோல்டர் அடித்தால் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? அதே காசில் பாதியைச் சுண்ணாம்புக்குச் செலவழியுங்கள். அடுப்புப் புகை ஏறிய சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளையடித்தால் அதே பல்ப் பளிச்சென்று தெரியும்.

புது ஹோல்டர் அடிக்க வருகிறவரிடம், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து அணைக்கும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் லைட் வேலையை நிறுத்திவிட்டு அதைச் சரி செய்யுங்கள். திருகு ஹோல்டர் போட்டால் கரண்ட் வயர் நடு முனைக்குத்தான் போக வேண்டும். மாறினால் பல்ப் மாற்றும்போது கையில் அடிக்கும்.

குண்டு பல்பை அடியோடு ஒழிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் கோழிக் குஞ்சு வளர்த்தால் அந்தப் பெட்டிக்கு அதுதான் வேண்டும். அது இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. குஞ்சுக்குத் தேவையும் அதுவே. “எல்.இ.டி. போட்டேன், குஞ்செல்லாம் விறைத்துச் செத்துப்போச்சு” என்று ஒரு அக்கா என்னிடம் அழுதார். பல்பைப் பெட்டிக்கு மேலே தொங்கவிடுங்கள், வைக்கோலில் படக்கூடாது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் இறக்குங்கள், ஓரத்துக்கு ஓடினால் உயர்த்துங்கள்.

தனி மீட்டர் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். லக்சபான மின்நிலையத்தில் 1950லேயே கரண்ட் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், நம் மலையில் விழும் தண்ணீரில். ஆனால் அதே மலையில் ஒரு மீட்டருக்காக, இந்த ஆபீஸ் கடிதம் கேட்க, அந்த ஆபீஸ் தோட்டத் துரை இல்லை என்று சொல்ல, ஒரு குடும்பம் எட்டு மாதம் நடந்ததை நான் அறிவேன். விண்ணப்பம் கொடுக்கும்போது நகலில் திகதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். “கையெழுத்து நான் எடுத்துத் தருகிறேன்” என்று வாசலில் நிற்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மேசை விளக்குக்கு மீட்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் பிளக்கிலேயே இன்று இரவு கொளுத்தலாம்.