கண் மூடுவதற்கு முன்பே தொடங்கிவிடும் தூக்கம்

கேள்வி: இரவில் நெடுந்தூரம் கார் ஓட்டுகிறேன். ஓட்டுநரின் கண்களைக் கண்காணிக்கும் கேமரா என் புதிய காரில் உள்ளது. நன்றாக விழித்திருக்கும்போது சில சமயம் ஒலி எழுப்புகிறது. கண் சொக்கும்போதோ பேசாமல் இருந்துவிடுகிறது. இதை எவ்வளவு நம்பலாம்?

பதில்: நம்பலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி ஓட்டக் கூடாது. இத்தகைய கேமரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சி, இருட்டிலும் இரண்டு இமைகளுக்கு இடையிலுள்ள திறப்பை நொடிக்குப் பல முறை அளக்கிறது. வழக்கமான இமைப்பு 0.1 முதல் 0.4 நொடிக்குள் முடிந்துவிடும். உறக்கம் நெருங்கும்போது இமை மெதுவாக இறங்கி, அரை நொடியோ அதற்கு மேலோ மூடியே இருக்கும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை கண்மணியை 80 விழுக்காட்டுக்கு மேல் மறைத்திருந்தது என்று கணக்கிடும் ‘பெர்க்ளோஸ்’ முறை, 1990-களிலிருந்தே இந்த ஆய்வுகளின் முதன்மையான அளவுகோலாக இருந்து வருகிறது.

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் இங்கிருந்தே வருகின்றன. எதிர்வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினாலும், கீழே உள்ள திரையைக் குனிந்து பார்த்தாலும், மூக்குக்கண்ணாடியில் ஒளி பட்டுத் தெறித்தாலும் இமை மூடியதாகவே கருவி எண்ணக்கூடும். மறுபுறம், கண் திறந்திருக்க மனம் மட்டும் நழுவிவிடும் கணங்களும் உண்டு. என் கருத்தில் மிகவும் அஞ்ச வேண்டியவை அவையே. விழிப்போடு இருப்பவரின் பார்வை சாலைக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் இடையே சட்டென்று தாவிக்கொண்டிருக்கும். சோர்வு ஏற ஏற அந்தத் தாவல் வேகம் குறைந்து, பார்வை நேரெதிரே நிலைத்துப்போகும், பிறகு விழி மெல்ல உருளத் தொடங்கும். கண்ணைச் சுற்றி மின்முனைகள் ஒட்டிச் செய்யும் ஆய்வில் இவை தெளிவாகப் பதிவாகும். குலுங்கி ஓடும் காரின் கேமராவுக்கு அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை.

ஆகவே கேமராவின் வில்லையைத் துடைத்து வையுங்கள். ஸ்டியரிங் அதை மறைக்காதபடி இருக்கையைச் சரிசெய்யுங்கள். தவறாக ஒலிக்கிறது என்பதற்காக அணைத்துவிடாதீர்கள். கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமை, தடம் விலகித் திடுக்கிட்டுத் திருத்துதல், ஓயாத கொட்டாவி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஒலிக்காகக் காத்திராமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் அயர்ந்தால் கார் 75 மீட்டர் போய்விடும். சன்னலைத் திறப்பதோ பாட்டைச் சத்தமாக வைப்பதோ உறக்கத்தைத் தடுக்காது. காபி குடித்த உடனே 15 முதல் 20 நிமிடம் உறங்குங்கள். காபியின் பலன் தெரிய ஏறத்தாழ அரை மணி நேரமாகும் என்பதால் இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்ததும் மந்தம் முற்றிலும் தெளிந்த பிறகே வண்டியை எடுங்கள். இரவு போதுமான அளவு உறங்கியும் பகலில் அடிக்கடி கண் சொக்குகிறது, பலத்த குறட்டையும் இருக்கிறது என்றால், உறக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு உள்ளதா என மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.