பி.காம் முடித்தவர் பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு முதலில் எதைக் கற்க வேண்டும்?

பைத்தான் என்ற நிரல்மொழியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தொடக்கநிலை வேலையில் பெரும்பாலும் எக்செல்லும், தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லும்தான்.

எக்செல்லில் பிவட் டேபிளும் (தரவைத் தொகுத்துச் சுருக்குவது) எக்ஸ்லுக்அப்பும் (ஒரு மதிப்பைத் தேடி அதற்குரிய தகவலை எடுப்பது) போதும். ஆனால் அது எங்கே காலை வாரும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள்தான் கொள்ளும். எண்ணில் 15 இலக்கங்கள்தான் நிற்கும். 16 இலக்க கார்டு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அதை முதலிலேயே டெக்ஸ்ட்டாக உள்ளிடுங்கள்.

எஸ்க்யூஎல்லில் ஆட்கள் தடுக்கி விழுவது ஜாயினில், அதாவது இரண்டு டேபிள்களை இணைப்பதில். ஆர்டர் டேபிளோடு பொருட்களின் டேபிளை இணைத்துவிட்டு ஆர்டர் தொகையைக் கூட்டினால், ஒவ்வொரு பொருளுக்கும் ஆர்டர் தொகை ஒருமுறை திரும்ப வருவதால், 3 பொருள் உள்ள ₹900 ஆர்டர் ₹2,700 ஆகிவிடும். பிழைச் செய்தியே வராது. இணைக்கும் முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொள்ளும் இணைப்பு) போட்டு, வலப்பக்க டேபிளின் மதிப்புக்கு வேர் (WHERE) நிபந்தனை வைத்தாலும் வம்புதான்: பொருந்தாத வரிசைகள் உதிர்ந்துவிடும். நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதிக்கு மாற்றுங்கள்.

“விற்பனை ரிப்போர்ட் வேண்டும்” என்று மேலாளர் கேட்டால் உடனே கணக்குப் போட உட்காராதீர்கள். ரிட்டர்ன் கழித்தா, ஜிஎஸ்டி சேர்த்தா, ஆர்டர் தேதியா, பில் தேதியா? கேட்டு, மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சான்றிதழ் என்றால், அனுபவமுள்ள பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கான சிபிஏபி (CBAP) 7,500 மணி நேர அனுபவம் கேட்கும். புதியவருக்கு இசிபிஏ (ECBA) என்ற தொடக்கநிலைச் சான்றிதழ், அதற்கும் அவசரமில்லை.