ஒரு வார விமர்சனமும் உப்புத் தண்ணீரும்

கேள்வி: புதிதாக வந்த கைப்பேசிக்கு ஒரு விமர்சகர் பத்துக்கு ஒன்பது தருகிறார், இன்னொருவரோ ‘கேமரா சுமார்தான்’ என்கிறார். கடற்கரைச் சாலையில் மாலைதோறும் கூடும் எங்கள் நண்பர் குழு இதனால் இரண்டாகப் பிரிந்துவிட்டது. யாரை நம்புவது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருவரையும் நம்பலாம், அவரவர் சோதித்த அளவுக்கு. முதல் நாளிலேயே வரும் விமர்சனங்கள் பெரும்பாலும், நிறுவனம் முன்கூட்டியே அனுப்பிய கைப்பேசியைச் சில நாட்கள் மட்டும் பயன்படுத்தி எழுதப்படுபவை என்பதால், திரையையும் வேகத்தையும் பற்றி அவை சொல்வதை ஏற்கலாம். ஓராண்டில் பேட்டரி எப்படித் தேயும் என்பதை அவற்றால் சொல்ல இயலாது. 2016 ஆகஸ்டில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 பாராட்டை அள்ளியது. பேட்டரிகள் தீப்பிடித்ததால் அக்டோபரிலேயே அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. விமர்சகர்கள் பொய் சொன்னதாக நான் கருதவில்லை; அவர்களுக்கு நாள் போதவில்லை.

உங்கள் குழு கேமராவுக்காகச் சண்டையிடுவதை விட (அது ஓரளவு ரசனையின் வழக்கு), கைப்பேசி தூசியையும் தண்ணீரையும் எந்த அளவு தாங்கும் என்று சோதித்துத் தரப்படும் ‘ஐபி68’ என்ற குறியீட்டைப் பற்றிப் பேசலாம். அந்தத் தண்ணீர்ச் சோதனை நன்னீரில் நடப்பது. கடல்நீருக்கு அது பொருந்தாது. பாறைமேல் அமர்ந்து அலை தெறிக்க செல்ஃபி எடுத்தால், சார்ஜ் துளையில் உப்புப் படிந்து உலோகத்தை அரிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.