உதிர்ந்த பூவும் பறித்த பூவும்

அன்புள்ள ஐயா,

சித்திரைப் பிறப்புக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் வேம்பும் கோயில் தோப்பில் இலுப்பையும் மகிழமும் பூத்திருந்தன. இவற்றைச் சென்னைக்கு எடுத்துவந்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் வழியில் சிலர் ஆவாரஞ்செடிகளைக் கொத்துக்கொத்தாக ஒடித்து மூட்டை கட்டுவதைப் பார்த்தபின், பூவைச் சேகரிப்பதே தவறோ என்று தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் குறிப்பிட்ட மூன்று மரங்களின் பூக்களையும் தயங்காமல் எடுத்துவரலாம்; அவற்றை நீங்கள் பறிக்க வேண்டியதில்லை என்பதே காரணம். மகிழம்பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவே ஒரு துளை இருக்கும். ஊசியில்லாமல் நாரில் கோக்க உதவும் அந்தத் துளை, சூலகம் இருந்த இடம். சூலகத்தைக் கிளையிலேயே விட்டுவிட்டு அல்லிவட்டம் மட்டும் கழன்று விழுகிறது. மகிழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இலுப்பையிலும் இதுவே நடக்கிறது. இரவில் வௌவால்கள் தேனுண்டு மகரந்தத்தைப் பரப்பிச் சென்றபின், சதைப்பற்றுள்ள அல்லிகள் விடியற்காலையில் உதிர்கின்றன. காயாகப் போகும் பகுதி மரத்திலேயே இருக்கிறது. ஆகவே கீழே கிடப்பதைப் பொறுக்குவதால் ஒரு காய்கூடக் குறையப்போவதில்லை.

வேப்பம்பூவுக்கு, மாலையில் மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்தால் போதும். காலையில் சேர்ந்ததை முறத்தில் புடைத்து, காம்பும் தூசும் நீக்கி, கையில் எடுத்தால் நொறுங்கும்வரை வெயிலில் காயவைத்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துவிடுங்கள். சிறிது ஈரம் தங்கினாலும் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு வேண்டும்போது நெய்யில் வறுத்து ரசத்தில் சேர்க்கலாம். அடுத்த சித்திரைப் பச்சடிவரை தாங்கும். மகிழம்பூவை நிழலில் உலர்த்தினால் போதும், நிறம் மங்கினாலும் மணம் நீடிக்கும். துணிகளுக்கிடையே அதை வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு நாம் வேதி உருண்டைகளுக்கு மாறியது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. இலுப்பைப்பூவை உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களை நீக்கிவிட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். உலர்திராட்சையைப் போலச் சுருங்கிப் பழுப்பாகும். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று சொன்னவர்கள் அதன் இனிப்பை நன்கு அறிந்தவர்கள்.

மரத்தடியைப் பெருக்கிச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் சருகுக்குத் தீ வைக்க விடாதீர்கள். மத்திய இந்தியக் காடுகளில் இலுப்பையின் இனமான மகுவாப் பூவைப் பொறுக்குவதற்காகச் சருகை எரிப்பதால், முளைத்து நிற்கும் கன்றுகளும் கருகிப்போகின்றன.

ஆவாரை வேறு வகை. அங்கே பூவைப் பறித்தால் காய் இல்லை, விதையும் இல்லை. அதற்காகத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்குக் காப்புக்கட்ட ஆவாரையும் சிறுபீளையும் வேண்டும், நிழலில் உலர்த்திய ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களும் பலர். ஒரு செடியில் சில பூக்களை மட்டும் கையால் கிள்ளி, பெரும்பகுதியைக் காய்க்க விட்டு அடுத்த செடிக்குப் போவதே முறை. கொத்தோடு ஒடித்து மூட்டை கட்டுவதைக் கண்டால் தடுத்துச் சொல்வதில் தவறில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையில் பூக்கும் நீலக்குறிஞ்சியையோ ஒன்றுகூடப் பறிக்கக் கூடாது. அந்தச் செடி ஒரே முறை பூத்து, விதைத்து, மடிந்துவிடுகிறது. இன்று பறிக்கும் கொத்து அடுத்த தலைமுறைச் செடியைத்தான் குறைக்கிறது.

உங்கள் தோப்பில் முதிய இலுப்பைகள் மட்டும் இருந்து கன்றுகள் இல்லையென்றால், பூவை உலர்த்துவதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. ஆனி, ஆடியில் பழங்கள் விழும்போது மீண்டும் ஊருக்குப் போய்வாருங்கள். இலுப்பை விதை காயவைத்தால் முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும்; எனவே சதையை நீக்கிய உடனேயே நாற்றுப் பைகளில் ஊன்றி, மழை தொடங்கும்போது தோப்பின் ஓரத்தில் நட்டு, ஆடு கடிக்காதபடி முள்வேலி கட்டச் சொல்லுங்கள்.