'மனசு வரல' என்று ஒன்பது இடத்தில் எழுதிய சகோதரிக்கு

கேள்வி (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 47. திருச்செங்கோடு பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஒரே மகள். போன ஆடி மாதம் கோவையில் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்தாள். அதிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. வாசல் தெளித்துக் கோலம் போட மனசு வரல. மொட்டை மாடியில் மல்லிகைத் தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன, தண்ணீர் ஊற்ற மனசு வரல. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் போனைப் பார்த்துக்கொண்டே விடிந்துவிடும். பி.பி., சர்க்கரை எல்லாம் நார்மல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட வேலை செய்யும் அக்கா கவுன்சலிங் போகச் சொல்கிறார். என் வீட்டுக்காரர், "பேசறதுக்கு எதுக்குக் காசு? என்கிட்டப் பேசு" என்கிறார். வாக்கிங், யோகா செய்தால் போதாதா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க விட முடியாதாமே? ஆபீஸில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? சில நாள், தூங்கி எழாமலே இருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது.
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். எழுதியதே நல்லது. மனச்சோர்வில் இருக்கும் பலருக்கும் இந்த எண்ணம் வரும். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது அங்கே நிற்காமல், உயிரை விட்டுவிடலாம் என்று யோசனை ஓடத் தொடங்கினால் அடுத்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். நடு ராத்திரியாக இருந்தாலும் கணவரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கையில் இருக்கும் போனில் இந்த எண்ணை இப்போதே பதிந்து வையுங்கள். பதிந்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'மனசு வரல' என்பது ஒன்பது இடத்தில் வருகிறது. கோலத்துக்கு, மல்லிகைக்கு, தலை வாரிக்கொள்ள, அக்கா மகன் கல்யாணத்துக்குப் போக, மகளுக்குத் திரும்பப் போன் செய்ய. நம் மொழியில் இது எவ்வளவு இயல்பான சொல்! முதலில் மனசு வர வேண்டும், பிறகு கை வேலை செய்யும் என்பது நாம் எல்லோரும் நம்பும் வரிசை. நல்லாயிருக்கும் நாட்களில் அது சரியாகவும் இருக்கும். மனச்சோர்வு வந்தால் அந்த வரிசை உடைந்துபோகிறது. மனசு வருவதற்காகக் காத்திருக்கிறோம், காத்திருக்கும் நேரத்தில் ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் செய்யாததால், மனசுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்த சின்னச் சின்ன விஷயங்களும் நின்றுபோகின்றன. ஈரமண் வாசனை, எதிர்வீட்டு அம்மாவின் "என்ன கண்ணு, இன்னிக்குப் பெரிய கோலமா?", மொட்டு எண்ணுவது, எல்லாமே. தெம்பு இன்னும் குறைகிறது, மனசு இன்னும் தள்ளிப் போகிறது. எட்டு மாதமாக உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் சோம்பேறியும் இல்லை, பலவீனமானவரும் இல்லை.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதே ஒரு சிகிச்சை. மனசு வராமலே செய்வது, செய்த பிறகு மனசு என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்வது. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? தனியாகச் செய்வது கடினம். அதனால்தான் கூட ஒருவர் வேண்டியிருக்கிறது. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு இதைச் சோதித்துப் பார்த்தது. மனநலப் படிப்பே படிக்காத சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறிலிருந்து எட்டு முறை உட்கார வைத்தார்கள். அவர்கள் செய்தது பெரும்பாலும் இந்த வேலையைத்தான். அன்றாடத்திலிருந்து உதிர்ந்துபோன காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைப்பது. மூன்று மாதத்தில் அவர்களில் 100க்கு 64 பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் மீண்டவர்கள் 39 பேர். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. 64 என்பது 100 இல்லைதான். ஆனால் அந்த இடைவெளி சின்னதும் இல்லை.

"பேசறதுக்கு எதுக்குக் காசு?" என்று உங்கள் கணவர் கேட்டதில் தப்பில்லை. அவர் கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆனால் அவரிடம் பேசினால் என்ன ஆகிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "சொன்னதும் அவர் முகம் வாடிடுது, அப்புறம் நான்தான் அவரைத் தேத்தணும்." நம் மேல் உயிராக இருப்பவர்களிடம் பேசுவதில் இருக்கும் சிக்கல் இது. அவர்களுக்கும் வலிக்கும். உடனே ஏதாவது வழி சொல்லத் தோன்றும், இல்லாவிட்டால் "தைரியமா இரு" என்பார்கள். சிகிச்சையாளருக்கு உங்களிடம் எந்தப் பங்கும் இல்லை. நீங்கள் அழுதால் அவரைத் தேற்ற வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. அறிவுரை கேட்கத்தான் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள். அறிவுரை வீட்டிலேயே வேண்டிய அளவு கிடைத்திருக்கும்.

அங்கே என்னதான் நடக்கும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக் காட்டுகிறேன். உங்கள் கடிதத்தில் இருப்பதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மகளுக்குப் போன் செய்தீர்கள், அவள் எடுக்கவில்லை. அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். போன் எடுக்காததற்கும் சாப்பிடாததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று சிகிச்சையாளர் கேட்பார். "ஒண்ணும் நடக்கல" என்று தோன்றும். மெதுவாகத் தேடினால் அங்கே ஒரு வாக்கியம் அகப்படும். 'என்னை மறந்துட்டா, இனி நான் யாருக்கும் வேண்டாம்.' கண் இமைக்கும் நேரத்தில் வந்து போயிருக்கும். நெஞ்சு அடைத்தது அந்த வாக்கியத்தால், போன் மணி அடித்து ஓய்ந்ததால் அல்ல. இப்படிச் சட்டென்று வந்து போகும் எண்ணங்களை 1960களில் கவனித்து, அதிலிருந்து ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கியவர் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். இன்று சி.பி.டி. என்று சொல்லப்படும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்று சிகிச்சையாளர் சொல்ல மாட்டார். நோட்டில் அந்த வாக்கியத்தை எழுதச் சொல்வார். எவ்வளவு நம்புகிறீர்கள் என்று பக்கத்தில் ஒரு எண் போடச் சொல்வார். 90 என்று போடுவீர்கள். பிறகு கேட்பார்: அவள் எட்டு மணிக்கு வழக்கமாக எங்கே இருப்பாள்? மெஸ்ஸில். மறுநாள் கூப்பிட்டாளா? கூப்பிட்டாள், காலை ஏழு மணிக்கே. போன வாரம் எத்தனை முறை பேசினீர்கள்? ஐந்து. எல்லாவற்றையும் எழுதிய பிறகு மறுபடி ஒரு எண். அது பூஜ்யம் ஆகாது, 50 ஆகலாம். அந்த 40 குறைந்தால் அன்றைக்கு இரண்டு தோசை சாப்பிட்டிருப்பீர்கள். மீதியில் உண்மையான துக்கமும் இருக்கிறது. பதினெட்டு வருடம் வீட்டில் சத்தமாக இருந்த பிள்ளை இல்லாத வீடு அது. அந்தத் துக்கத்தை யாரும் கணக்குப் போட்டுத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. அதற்கு உட்கார இடம் கொடுப்பதும் சிகிச்சையில் உண்டு. என் அம்மா இறந்த வருடம், முப்பது வருடம் பிறருக்கு இதையே செய்துவந்த நானும் இன்னொருவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் இருந்து அழுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வாக்கிங், யோகா போதாதா என்றால், அவை நிச்சயம் உதவும். வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமான நடை என்று உலக சுகாதார அமைப்பு சொல்வது பெரியவர்கள் எல்லோருக்குமான அளவு. லேசான மனச்சோர்வு நடையிலும் தூக்க ஒழுங்கிலுமே தெளிவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது மட்டும் போதும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எட்டு மாதம், குறைந்த சாப்பாடு, மூணு மணி முழிப்பு, அந்த ஓரத்து வரி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. தவிர, யோகா வகுப்பில் சேர்ந்துவிட்டு இரண்டாம் நாள் போக மனசு வரவில்லை என்றால், "இதைக்கூட என்னால செய்ய முடியல" என்று இன்னொரு அடி விழும். பழக்கங்களைப் பொடிப்பொடியாக நறுக்கி, விழாத அளவுக்குக் கொண்டுவரத்தான் சிகிச்சை.

எப்படி நறுக்குவது? நாளைக் காலை கோலம் வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் தெளித்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். தெளிப்பதற்கு முன் மனம் பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் ஒரு எண், வந்த பிறகு ஒரு எண். இரண்டும் இரண்டாகவே இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். நாலு நாள் கழித்து நாலே நாலு புள்ளி வைத்து ஒரு சுழி. மல்லிகையில் ஒரே ஒரு தொட்டி, காய்ந்தவற்றில் எது பச்சை விடும் போலிருக்கிறதோ அது மட்டும். நடை என்றால் தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய்வந்தால் போதும். கணவருக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. சாயந்திரம் ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வாசலில் நிற்கட்டும். பேச வேண்டாம், தேற்ற வேண்டாம், கூட நடந்தால் போதும்.

மூணு மணி முழிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் மறுநாளையும் கெடுக்கிறது. முழித்துக்கொண்டே படுக்கையில் கிடந்தால், படுக்கை என்றாலே முழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடுகிறது. கால் மணி நேரம் போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து கூடத்துக்கு வந்துவிடுங்கள். பெரிய விளக்கைப் போடாமல், பழைய வாரப் பத்திரிகை புரட்டலாம், வெள்ளைப் பூண்டு உரிக்கலாம். கண் சொக்கினால் மட்டும் திரும்பப் படுங்கள். போன் இரவில் சமையலறையிலேயே இருக்கட்டும், மணிச் சத்தம் கேட்கும்படி வைத்தால் போதும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. ஆபீஸ் விட்டு வந்து ஐந்தரை மணிக்குக் குடிக்கும் காபியை நிறுத்துங்கள். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் போல ஆகும், ராத்திரி பத்தரைக்கும் பாதி உடம்பில்தான் இருக்கும். முதல் வாரம் இன்னும் அசதியாக இருக்கும். பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

இன்னொன்று. பி.பி.யும் சர்க்கரையும் பார்த்தாயிற்று, சரி. தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பார்த்தார்களா? 47 வயதில் மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்திலும் தூக்கமும் மனமும் தடுமாறும். இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரை வேண்டுமா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் ஒன்றல்ல. அடிமைப்படுத்தும் என்ற பயம் பெரும்பாலும் இரண்டாவது வகைக்குத்தான் பொருந்தும், அதை ஒருபோதும் மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். முதல் வகை வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் ஆறு மாதம், அதற்குக் கொஞ்சம் மேலும் தொடரச் சொல்லி, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். முதல் தடவை வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்கத் தேவைப்படுவதில்லை. நீங்களாக ஒரே நாளில் நிறுத்துவதுதான் தொந்தரவு.

எங்கே போவது? நாமக்கல், சேலம், ஈரோடு மூன்றுமே உங்களுக்குப் பக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பத்து நாள் வகுப்பு முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. இன்னொரு நோயாளியின் கதையை உங்களிடம் சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள். மூன்று நான்கு முறை போயும் மனம் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம், அது துரோகம் இல்லை. ஆபீஸில் தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்கு: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. யாரிடம் சொல்வது என்பது உங்கள் இஷ்டம். கவுன்சலிங் போகச் சொன்ன அந்த அக்காவிடம் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாமல் ஒருவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

"அங்கே போய் என்ன பேசறதுன்னே தெரியல" என்று எழுதியிருந்தீர்கள். பேசவே வேண்டாம். எனக்கு எழுதிய நான்கு பக்கத்தை அப்படியே மருத்துவர் கையில் கொடுங்கள், ஓரத்து வரி உட்பட. நகல் எடுத்து வைக்கவில்லை என்றால் ஒரு அஞ்சலட்டை போடுங்கள், உங்கள் கடிதத்தை உறையில் போட்டு உங்களுக்கே அனுப்பிவைக்கிறேன்.