சின்ன படமும் நம்ம வீட்டு டிவியும்: வாசகர் கேள்விகளுக்கு அக்கா பதில்

கே: அக்கா, புது டிவி வாங்கினதுல இருந்து சின்ன பட்ஜெட் படம் எத போட்டாலும் சீரியல் மாதிரியே தெரியுது. காசு கம்மியா போட்டு எடுத்தா அப்படித்தான் இருக்குமா?
வாசகி, அம்மாபேட்டை

ப: இல்லவே இல்லங்க, அது படத்தோட தப்பே கிடையாது, டிவி பண்ற வேலை. சினிமாவுல செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி படம், புது டிவி என்ன பண்ணுதுன்னா ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல தானே சில ஃப்ரேம செஞ்சு சொருகிடுது, கிரிக்கெட்டுக்கு அது நல்லாத்தான் இருக்கும், பந்து தெளிவா தெரியும், ஆனா படத்துக்கு அதே செட்டிங் இருந்தா எல்லாரும் கல்யாண வீடியோல நடமாடற மாதிரி ஆயிடுது. பெரிய படத்துல செட்டு, கிராபிக்ஸ், கூட்டம்னு கண்ணு வேற எங்கயாவது போயிடும். சின்ன படத்துல இருக்கறதே ஒரு மூஞ்சி, பின்னாடி ஒரு சுவரு, அதனால அடி முழுசும் அதுக்குத்தான் விழுது. செட்டிங்ஸ்ல பிக்சருக்குள்ள போயி 'மோஷன்'னு பேர்ல வர்றது எது இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க, மோட 'மூவி'ல இல்லாட்டி 'சினிமா'ல வைங்க. மொதல்ல மஞ்சளா தெரியும், பத்து நிமிஷத்துல கண்ணு பழகிடும். எனக்கே இது ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள எத்தன நல்ல படத்த பாதில நிறுத்தினேனோ, இப்பவும் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

கே: பட்ஜெட் இல்லன்னு சொல்லி சுமாரா எடுத்தா நாம ஏன் பொறுத்துக்கணும்?
வாசகர், ஆத்தூர்

ப: பொறுத்துக்க வேணாம். ஆனா காசு இல்லாம வந்த குறை எது, யோசிக்காம விட்ட குறை எதுன்னு பிரிச்சு பாருங்க. ரெண்டே லொகேஷன், தெரியாத முகங்க, இதெல்லாம் காசு. வயக்காட்டுல நிக்கறவன் குரல் மூடின ரூமுக்குள்ள இருந்து கேட்டா, ஒரே விஷயத்த மூணு பேரு மூணு தடவ வசனமா சொன்னா, அது காசு இல்ல, அங்க நான் கோவப்படுவேன். செழியன் எடுத்த 'டு லெட்' பாருங்க, சென்னைல வாடகை வீடு தேடி அலையற ஒரு குடும்பம், அவ்வளவுதான் கதை, பின்னணி இசையே கிடையாது, வீட்டுச் சத்தமும் தெருச் சத்தமும்தான். ஹெட்போன் போட்டு பாத்தேன், ஹவுஸ் ஓனர் கூப்பிட்டா நம்ம வயிறு கலங்கும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது சும்மா கிடைக்கல.

கே: ராத்திரி சீன் ஒண்ணுமே தெரியலக்கா.
வாசகர், ஓமலூர்

ப: மத்தியானம் ஜன்னல தொறந்து வச்சு பாக்காதீங்க. ராத்திரி, லைட்ட அணைச்சுட்டு.

கே: மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த நம்ம சேலத்துல உட்கார்ந்துகிட்டு சின்ன படத்தையே எழுதறீங்களே?
வாசகர், அஸ்தம்பட்டி

ப: அதனாலதாங்க எழுதறேன். டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச கம்பெனி, 1938ல மலையாளத்தோட முதல் பேசும் படம் 'பாலன்', 1956ல தமிழோட முதல் முழுநீள கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', நூறு படத்துக்கு மேல இங்கிருந்து போயிருக்கு. அவரு காச தண்ணியா விட்டு இத செய்யல, ஒரே காம்பவுண்டுக்குள்ள எல்லா வேலையும், சொன்ன தேதிக்கு படப்பிடிப்பு. இன்னிக்கு பத்து பேர வச்சு ஒரு வீட்டுக்குள்ள படம் எடுக்கற பசங்களுக்கும் அதே கணக்குதான். ஏற்காடு ரோட்டுல அந்த ஸ்டுடியோவோட நுழைவு வளைவ தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும்.

கே: 'கூழாங்கல்' பாத்தேன், அப்பாவும் பையனும் வெயில்ல நடந்துகிட்டே இருக்காங்க, ஒண்ணுமே நடக்கலையே? இதுக்கா ராட்டர்டாம் திரைப்பட விழாவுல விருது?
வாசகர், ஏற்காடு

ப: 2021ல அங்க டைகர் விருது வாங்குச்சு, பி.எஸ்.வினோத்ராஜுக்கு அது மொதப் படம். ஒன்னேகால் மணி நேரந்தான். மலைல பனிக்குள்ள போர்வைய போத்திகிட்டு பாத்திருப்பீங்க, நடுவுல போனும் பாத்திருப்பீங்கன்னு தோணுது, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையன் தாகத்துக்கு கூழாங்கல்ல வாயில போட்டுக்கறான் பாருங்க, அத கவனிக்காம விட்டா படமே போச்சு. காசு இல்லாத படத்துகிட்ட இருக்கறது நேரம் ஒண்ணுதான், அதையும் நாம குடுக்கலன்னா எப்படிங்க. வெயில் காலத்துல கீழ சேலத்துக்கு வர்றப்ப மறுபடி போடுங்க. கடைசில பொம்பளைங்க பள்ளத்துல தண்ணி ஊற ஊற மொண்டு குடத்துல ஊத்தறாங்களே, அந்த சீன் முடியறவரைக்கும் போன தொடாம இருந்தீங்களான்னு எனக்கு எழுதுங்க.